அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த உறைவு: வீடு திரும்பிய பிறகான வாரங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது, எடையும் அதிகம். அடுத்த மாதம் மதுரையில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக வீட்டுக்கு வந்தவர், மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை குளியலறைக்குப் போகும்போது மூச்சுத் திணறி விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு என்று சிலரும், காலில் இருந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று சிலரும் சொல்கிறார்கள். எங்கள் டாக்டரிடம் கேட்டதற்கு, "அதற்கு வயிற்றில் ஊசி போடுவோம், பிறகு மாத்திரை தருவோம், பயப்படாதீர்கள்" என்றார். அதற்கு மேல் கேட்கத் தயக்கமாக இருந்தது. சித்தியோ, அந்த ஊசியைப் போட்டால் ரத்தம் நிற்காது, ஒரு மாதம் காலை ஊன்றாமல் படுத்திருந்தாலே போதும் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், அண்ணியின் வளைகாப்புக்கு, ஆபரேஷன் முடிந்த இரண்டாவது மாதத்திலேயே அம்மாவை அழைத்துக்கொள்ளப் பார்க்கிறார். நாங்கள் என்ன செய்வது?
ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தெருப் பெரியவர் எதனால் இறந்தார் என்பதைப் பரிசோதனை முடிவுகள் இல்லாமல் நான் சொல்ல முடியாது; சொல்வது முறையும் அல்ல. ஆனால் இடுப்பிலோ காலிலோ பெரிய அறுவை சிகிச்சை முடிந்து, காயம் ஆறி, வீடு திரும்பி, எல்லோரும் கவலையை மறந்திருக்கும் மூன்றாவது வாரத்தில் ஒருவர் திடீரென்று மூச்சுத் திணறி விழுந்தால், மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் ஒன்று, காலின் ஆழமான ரத்தக்குழாயில் உருவான உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டதா என்பதுதான். இது பெருமளவு தடுக்கக்கூடிய ஆபத்து என்பதாலும், தடுக்கும் பொறுப்பில் பாதிக்கு மேல் மருத்துவமனையை விட்டு வந்த பிறகு குடும்பத்தார் கைக்கு வந்துவிடுகிறது என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உடலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை மேலே ஏற்றுவதற்கென்று தனியாக ஒரு இதயம் கிடையாது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி, தனக்குள் ஓடும் ஆழமான சிரைகளை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் குழாய்களை, அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. மயக்க மருந்தின் கீழ் ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அசையாமல் கிடக்கும்போதும், அதன் பின்னர் வலியால் காலை நகர்த்தாமல் வைத்திருக்கும்போதும் இந்த ஓட்டம் மந்தப்படுகிறது. மூட்டைத் திறந்து எலும்பை வெட்டிச் செதுக்கும்போது அருகிலுள்ள ரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படலாம். அதே நேரத்தில், காயத்திலிருந்து ரத்தம் பெருகி உயிர் போய்விடாதபடி, ரத்தத்தின் உறையும் தன்மையை உடலே சில வாரங்களுக்குக் கூட்டி வைக்கிறது. ஓட்டம் மந்தமாதல், குழாய்ச் சுவர் காயப்படுதல், உறையும் தன்மை கூடுதல் என்ற இந்த மூன்று காரணங்களும் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் வீர்கோவின் பெயரோடு இணைத்து இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 13-ஐத்தான் 2014 முதல் உலக ரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் இந்த மூன்றும் ஒரே காலில், ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன.

இப்படி உருவாகும் கட்டி காலிலேயே தங்கிவிட்டால் வீக்கமும் வலியும் வரும். ஆண்டுக்கணக்கில் கால் கனத்துக் கருத்துப்போகவும் கூடும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து மேலேறினால், அடிவயிற்றின் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் சிக்கிக்கொள்கிறது. துண்டு சிறியதாக இருந்தால் லேசான மூச்சிரைப்போடு முடியலாம். பெரியதாக இருந்தால் சில நிமிடங்களில் ரத்த ஓட்டமே தடைபட்டு உயிர் பிரியலாம். மக்கள் அதை மாரடைப்பு என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் வராது, வெள்ளைக்காரர்களுக்குத்தான்" என்று ஒரு எண்ணம் மருத்துவர்களிடையேகூட நெடுங்காலம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் 1996 முதல் 2005 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, உள்நோயாளிகளாகச் சேர்ந்த ஒவ்வொரு 10,000 பேரிலும் ஏறத்தாழ 17 பேருக்கு ஆழ்சிரை ரத்த உறைவு உறுதி செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. எல்லா நோயாளிகளையும் சேர்த்த கணக்கு இது. தேடிப் பார்த்தால் நம்மிடமும் இருக்கிறது என்பதுதான் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது.

எந்த நாட்களில் ஆபத்து அதிகம் என்பதுதான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. பிரிட்டனில் நடுத்தர வயதுப் பெண்கள் சுமார் 9.5 லட்சம் பேரின் விவரங்களை வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மருத்துவமனையில் தங்கிச் செய்துகொண்ட அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் 6 வாரங்களில், அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களைக் காட்டிலும் சுமார் 70 மடங்கு அதிகமாக ரத்த உறைவுக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அந்த ஆபத்து உச்சத்தைத் தொட்டது அறுவை சிகிச்சை நடந்த நாளிலோ மறுநாளிலோ அல்ல, மூன்றாவது வாரத்தில். 12 வாரங்கள் வரை அது முற்றிலும் தணியவில்லை. இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட பெண்களில் அந்த 12 வாரங்களுக்குள் 45 பேரில் ஒருவர் இதற்காகச் சேர்க்கப்பட்டார். அந்த மூன்றாவது வாரத்தில் உங்கள் தாயார் எங்கே இருப்பார்? மதுரை மருத்துவமனையில் இருக்க மாட்டார். செவிலியர் இல்லாத, மானிட்டர் இல்லாத, தையல் பிரித்தாகிவிட்டது என்று அனைவரும் நிம்மதியாக இருக்கும் உங்கள் வீட்டில் இருப்பார்.

இதனால்தான் இந்த ஆலோசனையை அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன். பெரும்பாலான மருத்துவமனைகளில் இது டிஸ்சார்ஜ் அன்றுதான் சொல்லப்படுகிறது. அந்த நேரத்தில் மகன் பில் கட்டும் இடத்தில் வரிசையில் நிற்பார். மருமகள் பைகளைக் கட்டிக்கொண்டிருப்பார். கார் டிரைவர் கீழிருந்து போன் செய்துகொண்டிருப்பார். நோயாளியோ படிக்கட்டை எப்படி இறங்குவது என்ற கவலையில் இருப்பார். மாத்திரை உறைகளைப் பிரித்துக் காட்டி "இது காலை, இது இரவு" என்று சொல்லிப்போகும் இளம் செவிலியரின் குரல் யார் காதிலும் விழாது. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எது, வலி மாத்திரை எது, வைட்டமின் எது என்பதெல்லாம் ஒரே பையில் கலந்து வீடு வந்து சேரும். வலி குறைந்ததும் "மாத்திரை எல்லாம் சூடு" என்று பை முழுவதையும் ஓரங்கட்டிவிடுவார்கள். நான் பார்க்கும் நோயாளிகளில் மருந்தை இடையில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் அலட்சியத்தால் நிறுத்தவில்லை. அது எதற்கு என்று அவர்களுக்கு யாரும் புரியவைக்கவில்லை.

ஆகவே தயக்கத்தை விட்டுவிட்டு, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: அம்மாவுக்கு ரத்த உறைவு ஆபத்து எந்த அளவில் இருக்கிறது? எந்த மருந்து, எத்தனை நாள், கடைசி டோஸ் எந்தத் தேதியில்? அம்மாவின் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவு முடிவு செய்யப்பட்டதா? இரவில் மூச்சுத் திணறல் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கி, கடைசித் தேதியை வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். நல்ல மருத்துவர் எவரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

ஆபத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று, அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் கப்ரினியின் பெயரில் வழங்கும் மதிப்பெண் முறை. அதன்படி மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு மட்டுமே 5 மதிப்பெண். 61 முதல் 74 வயதுக்கு 2. புடைத்த சிரைகளுக்கு 1. கூடுதல் எடைக்கு 1. மொத்தம் 5-ஐத் தொட்டாலே அதிக ஆபத்து என்று கொள்கிறோம். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றை மட்டும் வைத்தே உங்கள் தாயாருக்கு 9 வருகிறது. அறுவை சிகிச்சையே வேண்டாம் என்பதல்ல இதற்குப் பொருள். தடுப்பு மருந்தில் குறை வைக்கக் கூடாது என்பதே பொருள். குடும்பத்தில் வேறு யாருக்காவது, குறிப்பாக உங்கள் தாத்தா பாட்டி, மாமா, பெரியம்மா போன்றவர்களுக்கு, காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததுண்டா, அம்மாவுக்கு முன்பு எப்போதாவது புற்றுநோய்ச் சிகிச்சை நடந்ததுண்டா என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஏனெனில் இவை அந்த மதிப்பெண்ணை மேலும் உயர்த்தும்.

இந்த இடத்தில், இதைப் படிக்கும் இளம் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரையோ, மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரையோ, கோயில் திருவிழாவுக்காகவும் வீட்டு விசேஷத்துக்காகவும் மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றுள் சில, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டக்கூடியவை. வெட்கத்தால் மறைக்கப்படும் இந்தத் தகவல் மருத்துவருக்கு மிகவும் தேவையானது. அதேபோல் சிசேரியனும் ஓர் அறுவை சிகிச்சைதான். தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பிரசவத்துக்குப் பின் 6 வாரங்கள் வரை உறைவு ஆபத்து தூக்கலாகவே இருக்கும். அப்படியிருக்க, பிள்ளை பெற்றவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமலும், தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று தாகத்துக்குக்கூட நீர் தராமலும் வைத்திருக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. தண்ணீரால் தையல் சீழ் பிடிப்பதில்லை. உங்கள் தாயாருக்கும் இதே பத்தியத்தை யாரேனும் சொல்லலாம். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் அளவு விதித்திருந்தாலன்றி, தாகம் தீரக் குடிக்கக் கொடுங்கள்.

சித்தியின் இரண்டு கருத்துகளுக்கு வருகிறேன். ஒரு மாதம் காலை ஊன்றாமல் படுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் மாவுக்கட்டுப் போட்டவர்களைப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கலாம். இன்றைய மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில், வேறு சிக்கல் இல்லாவிட்டால், அன்று மாலையோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்கவைத்து நாலடி நடக்க வைக்கிறார்கள். எழுந்து நடப்பதுதான் முதல் மருந்து. அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம்: மல்லாந்து படுத்தபடி இரண்டு பாதங்களையும் முகத்தை நோக்கி நன்றாக மடக்கி, பிறகு எதிர்ப்பக்கமாக நீட்ட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து இருபது முறை செய்தால் கெண்டைச் சதை வேலை செய்யத் தொடங்கும். அறுவை சிகிச்சைக்கு முன்பே பழகியவர்கள் வலியோடு இருக்கும்போதும் இதை எளிதாகச் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் டிவி பார்ப்பதும் நல்லதல்ல. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே வைத்திருப்பதும் நல்லதல்ல. தலையணை வைப்பதானால் கணுக்காலுக்கு அடியில் வைத்துக் காலை நீட்டி வைக்கலாம். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் வசதி உங்கள் ஊரில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி.

ஊசி போட்டால் ரத்தம் நிற்காது என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு, அதனால் அதைத் தள்ளிவிடாமல் பதில் சொல்கிறேன். ஹெப்பாரின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் தோலுக்கடியில் போட்டால் உயிர் காக்குமா என்பதை, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் விஜய் கக்கரின் தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தன. 1975-இல் வெளியான அதன் முடிவில், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,121 பேரில், மருந்து பெறாத பிரிவில் 16 பேரும் மருந்து பெற்ற பிரிவில் 2 பேரும் நுரையீரல் அடைப்பால் இறந்திருந்தார்கள். இன்று பெரும்பாலும் போடப்படும் எனாக்சாபாரின் அந்த ஹெப்பாரினின் வழிவந்தது. பொதுவாக நாளுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். இது தடுப்புக்கான அளவு. கட்டி வந்துவிட்டவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் அளவைவிடக் குறைவு. காயத்திலிருந்து சற்றுக் கூடுதலாக ரத்தம் கசியலாம், ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போகலாம், அரிதாகக் குடலிலோ வேறிடத்திலோ ரத்தக்கசிவு வரலாம். இந்த ஆபத்தையும் உறைவின் ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். உங்கள் தாயாரின் நிலையில், ரத்தக்கசிவு நோயோ வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் குறைபாடோ இல்லாதவரை, மருந்தின் பக்கமே கனக்கிறது என்பது என் கருத்து.

ஊசிக்குப் பின் மாத்திரை என்றால் பல வழிகள் உண்டு. ரிவராக்சபான் என்ற மாத்திரை முழங்கால் மாற்றத்துக்கு 12 நாட்கள், இடுப்பு மாற்றத்துக்கு 35 நாட்கள் என்ற கணக்கில் பரிந்துரைக்கப்படுகிறது, அபிக்சபானும் அவ்வாறே. ஆஸ்பிரினை வைத்தே சமாளிக்கலாமா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை. 2018-இல் வெளியான கனடா ஆய்வில், முதல் 5 நாட்கள் ரிவராக்சபான் கொடுத்துவிட்டுப் பிறகு ஆஸ்பிரினுக்கு மாறியவர்களும், ரிவராக்சபானையே தொடர்ந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் 2022-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், தொடக்கத்திலிருந்தே ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 3.45 சதவீதத்தினருக்கும், எனாக்சாபாரின் போட்டவர்களில் 1.82 சதவீதத்தினருக்கும் அறிகுறியோடு கூடிய உறைவு வந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆஸ்பிரின் மட்டும் தந்தார்கள் என்பதை வைத்து உங்கள் மருத்துவரின் ஊசியைக் குறைசொல்ல வேண்டாம். எந்த வழி எடுத்தாலும் ஆபத்து குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. மேலே சொன்ன எண்களே அதற்குச் சான்று. இறுக்கமான காலுறையைப் பொறுத்தவரை, ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அதனால் கூடுதல் பயன் தெரியவில்லை என்று 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் நாடி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அதை மாட்டக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கி மாட்டவும் வேண்டாம், கிரேப் பேண்டேஜை முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல இறுக்கிச் சுற்றவும் வேண்டாம்.

வீட்டில் நீங்களே ஊசி போட நேர்ந்தால் செவிலியர் முன்னிலையில் ஒருமுறையாவது போட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள். தாயாரைச் சாய்ந்து படுக்கவைத்து, தொப்புளிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி, வயிற்றின் பக்கவாட்டுத் தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுவதும் இறக்கி, மருந்தை மெதுவாகச் செலுத்தி, ஊசியை எடுக்கும்வரை மடிப்பை விடாமல் இருக்க வேண்டும். நிரப்பியே வரும் 40 மில்லிகிராம் சிரிஞ்சில் ஒரு சிறு காற்றுக்குமிழ் தெரியும். அதை வெளியேற்ற முயன்றால் மருந்தும் கொட்டிவிடும், ஆகவே அப்படியே விட்டுவிடலாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது; தேய்த்தால்தான் கன்றும். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். மருந்தை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். எனாக்சாபாரின் பன்றிக் குடலிலிருந்து பெறப்படுவது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சமய நம்பிக்கை காரணமாக அதை விரும்பாதவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட ஃபோண்டாபாரினக்ஸோ மாத்திரையோ பொருந்துமா என்று மருத்துவர் பார்ப்பார்.

இந்த மருந்து நடக்கும் நாட்களில் மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு கூடும். நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எதுவானாலும் முன்பே காட்டுங்கள். ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரினோ கிளோபிடோகிரெலோ எடுப்பவராக இருந்தால், எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மயக்க மருந்து நிபுணரும் அறிய வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையில் இந்த நேரக்கணக்கு மிகவும் முக்கியம். மலம் தார்போலக் கருத்துப் போவது, சிறுநீரில் ரத்தம், ஈறில் நிற்காத கசிவு, காயத்தின் கட்டு நனைந்துகொண்டே இருப்பது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த டோஸுக்கு முன் மருத்துவமனையை அழையுங்கள்.

காலில் எதைக் கவனிப்பது என்பது முழங்கால் அறுவை சிகிச்சையில் சற்றுச் சிக்கலானது, ஏனெனில் அறுவை செய்த கால் எப்படியும் வீங்கும். நீலம் பாய்ந்தது கணுக்கால் வரைகூட இறங்கும். வழக்கமான வீக்கம் இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வற்றியிருக்கும், வாரம் ஏற ஏறக் குறையும். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு முண்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் மாலையில் தையற்காரர் டேப்பால் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். அளவு நாளுக்கு நாள் கூடினாலும், குறைந்த வீக்கம் திடீரென்று திரும்பினாலும், தொடை வரை ஏறினாலும், கெண்டைச் சதையில் புதிதாக வலியும் சூடும் தெரிந்தாலும், அறுவை செய்யாத இடது கால் வீங்கினாலும் அன்றே காட்ட வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆய்வகத்தில், ரத்த உறைவின் தடயத்தைத் தேடும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைத் தாமாகச் செய்துகொண்டு அஞ்ச வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பின் அது எல்லோருக்குமே உயர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீங்கிய காலைத் தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். அன்பினால் செய்யும் காரியம்தான், ஆனால் உள்ளே கட்டி இருந்தால் அதைப் பெயர்த்து மேலே அனுப்பும் அபாயம் உண்டு. பாட்டி, சித்தி, உதவிக்கு வரும் பெண் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், காரணமின்றிப் படபடப்பு, கண் இருண்டு மயக்கம் வருவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று சோடா கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடமும் அவசரப் பிரிவு மருத்துவரிடமும் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம், "இத்தனை நாளைக்கு முன் முழங்கால் ஆபரேஷன் நடந்தது" என்பதாக இருக்க வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவர்கள் வேறு நோயைத் தேடத் தொடங்கக்கூடும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப்போங்கள், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையாக இருப்பது நல்லது.

மதுரையிலிருந்து உங்கள் ஊருக்குத் திரும்பும் மூன்று மணி நேரப் பயணத்தில், முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கால் நீட்ட இடம் செய்துகொடுத்து, மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி வாக்கரோடு சில அடி நடக்க வையுங்கள். சிங்கப்பூர்ப் பயணத்தைப் பொறுத்தவரை, முதல் 6 வாரங்களுக்குள் வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. விமானம் நான்கு மணி நேரம்தான் என்றாலும் வீட்டிலிருந்து திருச்சியோ சென்னையோ போய், காத்திருந்து, இறங்கி வீடு சேரும்வரை கால் மடங்கியே இருக்கும் நேரம் அதைவிட மிக அதிகம். 12 வாரம் கழிந்த பிறகு என்றால் நிம்மதியாகச் சம்மதிப்பேன். வளைகாப்புத் தேதியைத் தள்ள முடியாது என்று அண்ணன் சொன்னால், அறுவை சிகிச்சையைச் சில மாதங்கள் தள்ளிவைத்து, தாயார் முதலில் போய்வந்து பிறகு செய்துகொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். தேய்ந்த முழங்காலுக்கான இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் அவசரமானது அல்ல; நாளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். இடையில் கிடைக்கும் நேரத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும், சில கிலோ எடையைக் குறைக்கவும் முடிந்தால் அது இரட்டை நன்மை.